நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் கிடந்த என் சுட்டிகள்

சிம்மக்கல் டிடிபி:

பிடித்த இணையப் பக்கங்களின் சுட்டிகளை (லிங்க்) சேர்த்து வைத்தது, தொலைத்தது, அதனால் ஒரு ஆளைக் கண்டுபிடித்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை இருக்கும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2005ல் சிம்மக்கல்லில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக்கொண்டிருந்தேன். கடையில் நெட் கிடையாது. வேலை முடிந்ததும் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு 20 ரூபாய். நல்ல பக்கம் எதைப் பார்த்தாலும் அங்கே நாலாம் நம்பர் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைப்பேன். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் வெளியே டீ குடித்துக்கொண்டு காத்திருப்பேன். மற்ற மிஷின் எல்லாம் காலியாகக் கிடக்கும். கடைக்காரத் தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான்.

ஒருநாள் போனால் திரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. "வைரஸ்ணே, பார்மட் அடிச்சிட்டேன்" என்றான். இருநூறு சுட்டிக்கு மேல் இருந்திருக்கும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கம்ப்யூட்டர் அவனுடையது.

பக்கத்து சீட்டில் இருந்த காலேஜ் பையன்தான் டெலிஷியஸைக் காட்டினான். பெயருக்கு நடுவே நடுவே புள்ளி வைத்து எழுதுவார்களே, அந்தத் தளம். ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 2003ல் தொடங்கியது. 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது. சுட்டி உங்கள் மிஷினில் இருக்காது, அவர்கள் சர்வரில் இருக்கும். எந்த சென்டரில் உட்கார்ந்தாலும் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாமே குறிச்சொல் (டேக்) போட்டுக்கொள்ளலாம். நான் 'மதுரை வரலாறு' என்று போட்டேன். இடைவெளி விட்டால் அது தனித்தனிச் சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று தெரியாது. 'மதுரை'யில் ஒன்று, 'வரலாறு'வில் ஒன்று என்று பிரிந்து நின்றது. அப்புறம் நடுவில் அடிக்கோடு போடப் பழகினேன்.

இதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. ஒரு பக்கத்தை நாம் சேமித்தால், அதையே இன்னும் எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்று காட்டும். மாங்குளம் தமிழ் பிராமி கல்வெட்டு பற்றி ஒரு பக்கம். 1882ல் ராபர்ட் சீவல் கண்டெடுத்தது, நெடுஞ்செழியன் பெயர் வருவது, எல்லாம் படத்தோடு இருந்தது. அதைச் சேமித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் யாரென்று அவர் பெயரை அமுக்கினால் ஆனைமலை, சமணர் மலை, அழகர்கோவில் என்று அவர் பட்டியல் முழுக்க என் ருசி. அடுத்த வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் நம் சட்டை தொங்குகிற மாதிரி இருந்தது.

அந்தத் தளத்தில் ஒரு வசதி இருந்தது. குறிச்சொல் இடத்தில் 'ஃபார்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து ஒருவர் பெயரைப் போட்டால் சுட்டி அவருக்குப் போய்விடும். நான் ஒன்று அனுப்பினேன், அவர் ஒன்று அனுப்பினார். குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி. "மேலே ஏற வழி தெற்கே." "இந்தப் படம் பழையது." எட்டு மாதம் இப்படியே. அமெரிக்காவில் இருப்பவர் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு குறிப்பில், "நான் திருநகர். நீங்கள்?" என்று கேட்டார். ஒரு டவுன் பஸ் தூரம்!

கீழக்குயில்குடியில் தாமரைக்குளத்தங்கரையில் சந்தித்தோம். ரிட்டயர்டு ஆள், அறுபதைத் தாண்டியவர். கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. தளத்தில் சேமித்த ஒவ்வொரு முகவரியையும் அதில் நீல மையில் எழுதி வைத்திருந்தார். சாய்கோடு, அடிக்கோடு எதையும் விடவில்லை. வளைகோடு (~) வருகிற இடத்தில் மட்டும் அதை ஒரு சின்னப் பாம்பு மாதிரி வரைந்திருந்தார். "கரண்ட் போனா என்ன தம்பி பண்ணுவ?" என்றார். நான் சிரித்தேன்.

2010 டிசம்பரில் டெலிஷியஸை மூடப் போவதாகச் செய்தி பரவியது. மறு வருஷம் யூடியூபைத் தொடங்கியவர்கள் கைக்கு மாறியது. பழைய கணக்கை அங்கே கொண்டுபோக நாம் சம்மதம் தர வேண்டும் என்றார்கள். கல்யாண சீசன், நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். போச்சு. இது முழுக்க என் சோம்பல்.

மாட்டுத்தாவணி மாப்ள:

அண்ணே, அங்கே போட்டது எல்லாம் ஊருக்கே தெரியும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆபீஸில் நாங்கள் நாலு பேர் ஒரே தளத்தில் இருந்தோம், வேலைக்கு ஆகிற சுட்டிகளைப் பகிர்ந்துகொள்ள. நான் பாட்டுக்கு சென்னை, பெங்களூர் வேலைவாய்ப்புப் பக்கங்களை 'தப்பிக்க' என்று குறிச்சொல் போட்டுச் சேமித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "என்ன தம்பி, எங்கிருந்து தப்பிக்கிறீங்க?" என்றார். மறைத்து வைக்க ஒரு டிக் இருந்திருக்கிறது, பார்க்கவில்லை. சம்பளம் ஏறியது என்பது தனிக்கதை.

ஆனையூர் அக்கா:

எனக்கு இந்தத் தளம் எல்லாம் தெரியாது, குடும்ப வாட்ஸப்தான். தமிழில் முகவரி உள்ள ஒரு சமையல் பக்கத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது முழுக்க சதவீதக் குறி, இங்கிலீஷ் எழுத்து, எண். அம்மா வைரஸ் என்று போனையே ஆஃப் பண்ணிவிட்டார். என் பையன்தான் கணக்குச் சொன்னான். தமிழில் ஒரு எழுத்துக்கு மூன்று பைட்டாம், ஒரு பைட்டுக்கு மூன்று குறியாம். துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் தனி எழுத்துக் கணக்கு. 'மதுரை' என்ற மூன்றெழுத்து அப்படி ஐந்தாகி, 45 குறி! இப்போது முதல் வரியில் "அம்மா, இது வெண்டைக்காய் மண்டி" என்று எழுதிவிட்டுத்தான் சுட்டியைப் போடுகிறேன்.

பழைய பதிவர்:

தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம், தமிழிஷ் தளங்களின் ஓட்டுப்பட்டை காலத்தை யாரும் சொல்லவில்லையே? பதிவுக்குக் கீழே ஓட்டுப் போட்டுவிட்டு "மொய் வச்சாச்சு" என்று எழுதுவோம். திருப்பி வைக்காவிட்டால் வருத்தம் வரும். படித்தவர்கள் குறைவு, மொய் எழுதியவர்கள் அதிகம். பந்தியில் உட்காராமல் கவரை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்களே, அது மாதிரி.

செல்லூர்:

போன வருஷம் ஜூலையோ என்னவோ, படிக்க எடுத்து வைக்கிற ஒரு செயலியை மூடினார்கள். நான் உஷாராக எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். ஃபைலைத் திறந்தால் தமிழ்த் தலைப்பு எல்லாம் கோழி கிளறின மாதிரி. யூனிகோட் என்று தேர்ந்தெடுத்துத் திறக்கச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. ஆனால் சுட்டியை அமுக்கினால் மூன்றில் ஒன்று பக்கமே இல்லை. பழைய பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கிற ஆர்க்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் கிடைத்தது. சிம்மக்கல் அண்ணே, அந்த மாங்குளம் பக்கத்தின் முகவரி ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் தேடிப் பார்க்கலாம்.

சிம்மக்கல் டிடிபி:

எனக்கு ஞாபகம் இல்லை. பெரியவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. நேற்று உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு திருநகர் போனேன். அவர் மகள் பரணிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். 31ஆம் பக்கம், நடுவில் ஒரு சின்னப் பாம்பு. ராத்திரி வேபேக்கில் அடித்தேன். பக்கம் வந்தது, படம் மட்டும் வரவில்லை. நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. 140 பக்கம். டைப் அடிக்க யாராவது வருகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருப்பேன்.