வரைந்த பித்தளைச் செம்பு பித்தளையாகத் தெரிய மாட்டேன் என்கிறது, ஷேடிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், நான் ராயபுரம். போட்டோ பார்க்காமல், பொருளை எதிரில் வைத்தே பென்சிலில் வரையப் பழகுகிறேன். முட்டை, எலுமிச்சை, மண்பானை எல்லாம் ஓரளவு உருண்டு வந்துவிட்டன. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விட்டு, மெல்ல அடர்த்தி கூட்டி, அதிக இருட்டை விளிம்பில் வைக்காமல் சற்று உள்ளே வைத்து, விளிம்பில் தரையிலிருந்து எதிரொளிக்கும் லேசான வெளிச்சத்தைக் காட்டினால் போதும். வம்பு செய்வது பித்தளைச் செம்புதான். கழுத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, அதை ஒட்டியே பளிச்சென்று வெள்ளை, வயிற்றில் ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது. பார்த்தபடியே போட்டால் கோடு போட்ட பனியன் மாதிரி இருக்கிறது, தேய்த்து மழுப்பினால் மண்செம்பாகிவிடுகிறது!

முதலில் உருண்டைக்கான ஷேடிங்கை முடித்துவிட்டு மேலே பிரதிபலிப்பைச் சேர்ப்பதா, இல்லை ஒவ்வொரு பட்டையையும் தனி வடிவமாக வரைந்து நிரப்புவதா? கையில் ஹெச்பி, 2பி, 6பி பென்சில்கள் இருக்கின்றன, இதில் 6பி-தான் அதிகக் கருப்பு. 6பி-யை அழுத்தினால் கருப்பைவிட மினுமினுப்புதான் அதிகம் வருகிறது. அந்த இடத்துக்கு மட்டும் சார்கோல் (கரி) பென்சில் போட்டால், சாதா பென்சிலின் கிராஃபைட் மேல் பிடிக்குமா?

அப்புறம், ஜன்னல் கிழக்குப் பக்கம், வெயில் நகர நகர நிழலும் ஓடுகிறது. எல்லாரும் டேபிள் லேம்ப்தான் வைத்துக்கொள்கிறீர்களா? யூடியூப் லிங்க் வேண்டாம், நிறைய பார்த்தாயிற்று. கொஞ்சம் சொரசொரப்பான தடித் தாள் ஆண்டர்சன் தெருவில் சில்லறையாகக் கிடைக்குமா என்றும் சொல்லுங்கள், சனிக்கிழமை பாரிமுனை பக்கம் போகிறேன்.