மானுகா புதரில் பச்சைப் பல்லி: வீட்டில் வளர்க்கலாமா?

செந்தில், ஆக்லாந்து:
நேற்று வைட்டாகரே மலைப்பக்கம் நடந்தபோது, மானுகா புதரில் தளிர் நிறப் பல்லி ஒன்று கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு பட்டப்பகலில் வெயில் காய்ந்தது. மகள் விரலை நீட்டினாள். வாயைத் திறந்தது, உள்ளே நீலம்! கூடவே நாய்க்குட்டி போல ஒரு குரைப்பு. விட்டுவிட்டுத்தான் வந்தோம், அவள்தான் இன்னும் அடம்பிடிக்கிறாள். வளர்க்க முடியுமா?

குமரன்:
நம் ஊர்ப் பல்லி சொன்னால் பலன் பார்ப்போம். இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபில் பச்சைப் பல்லி சிரிப்பதுபோல் ஒலி எழுப்பினால் கெட்ட சகுனமாம். குரைத்ததற்கு யாரைக் கேட்பது?

வள்ளியம்மை:
சகுனம் கிடக்கட்டும். தம்பி, நீங்கள் பார்த்த பல்லியின் அறிவியல் பெயர் நால்டினஸ் எலிகன்ஸ். நால்டினஸ் பேரினத்துப் பல்லிகள் நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1953ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி காட்டிலிருந்து பிடிப்பது குற்றம். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதியோடு சிலர் வளர்க்கிறார்கள். அதுவும் கூண்டிலேயே பிறந்தவற்றை.

சட்டத்தை விடுங்கள், இதன் பிள்ளைப்பேற்றைப் பாருங்கள். முட்டையிடாது, குட்டி போடும். இந்தக் குளிரில் மண்ணில் கிடக்கும் முட்டை பொரிப்பது கடினம். வயிற்றில் சுமந்தால் தாய் வெயில் காய்ந்தே சூடு கொடுத்துவிடலாம். ஆனால் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிகள். எலியும் பூனையும் மரநாய் போன்ற ஸ்டோட்டும் தின்றது போக என்ன மிஞ்சும்? எங்கள் தெருவில் நான்கு பேர் எலிப்பொறி வைக்கிறோம். வாராவாரம் நாற்றத்தோடு மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

பாதையின் பெயரை எழுதாமல் விட்டீர்கள், நல்லது. படம் போட்டாலும் இடத்தைச் சொல்லாதீர்கள். 2009 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் ஒரு ஜெர்மானியர் பிடிபட்டார். உள்ளாடையில் தைத்த பைகளுக்குள் பல்லியும் அரணையுமாக 44! 14 வாரச் சிறை. அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

செந்தில்:
நன்றி அம்மா. உள்ளாடைக் கதையைச் சொன்னதும் மகளின் அடம் பாதி குறைந்தது. எலிப்பொறிக்கும் சம்மதித்துவிட்டாள். ஒரே நிபந்தனை: செத்த எலியை எடுத்துப் போடுவது அப்பாவின் வேலை.

வள்ளியம்மை:
கடலை வெண்ணெய் தடவி வையுங்கள். பாலாடைக்கட்டியைவிட அதற்குத்தான் எலி சீக்கிரம் வரும்.