ஜார்ஜ், வில்ஹெல்ம், நிக்கோலஸ்: மூவருக்கும் என்ன முறை?

கொடிவழி:
1914இல் ஆட்சியில் இருந்த பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ், ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் மூவரும் விக்டோரியாவின் பேரன்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். வம்ச மரம் போட்டுப் பார்த்தால் நிக்கோலஸ் எங்கேயும் ஒட்டவில்லை. யார் யாருக்கு என்ன முறை? நிக்கோலஸின் மகன் அலெக்ஸிக்கு ஹீமோஃபீலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) வந்தது சொந்தத்துக்குள் கட்டியதாலா?

மணிமுடி:
ஒட்டாதது சரிதான். நிக்கோலஸ் விக்டோரியாவின் பேரன் அல்ல, பேத்தி அலிக்ஸின் கணவர். ஒரே மரத்தில் அடைக்காமல் இரண்டு மரம் போடுங்கள்.

முதல் மரம் விக்டோரியாவுடையது. மூத்த மகள் விக்கியின் மகன் வில்ஹெல்ம். அடுத்தவர் ஏழாம் எட்வர்ட், அவர் மகன் ஜார்ஜ். அதற்கடுத்த ஆலிஸின் மகள் அலிக்ஸ். ஆக, ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன்.

இரண்டாவது, டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியானுடையது. அவர் மகள்களில் மூத்த அலெக்ஸாண்ட்ரா ஜார்ஜின் தாய். அடுத்த டாக்மர் நிக்கோலஸின் தாய். ஜார்ஜுக்கு நிக்கோலஸ் சித்தி மகன், தம்பி முறை. இருவரும் சேர்ந்து நிற்கும் படங்களில் யார் யாரென்று சட்டென்று பிரிக்க முடியாது.

வில்ஹெல்முக்கு அலிக்ஸ் சித்தி மகள், எனவே நிக்கோலஸ் தங்கை கணவர். ரத்த வழி உறவு தொலைவானது: ரஷ்யப் பேரரசர் முதலாம் பாவெல் இருவருக்குமே நான்கு தலைமுறை மேலே இருக்கிறார்.

1913 மே மாதம் பெர்லினில் வில்ஹெல்மின் ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹனோவரின் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட், கிறிஸ்தியானின் கடைசி மகள் தைராவின் மகன். ஜார்ஜுக்கும் நிக்கோலஸுக்கும் அவரும் சித்தி மகன். 1866இல் வில்ஹெல்மின் வம்சம் ஆண்ட பிரஷ்யா ஹனோவரை விழுங்கியதிலிருந்து இருந்த பகையைத் தீர்த்த கல்யாணம் அது. மூன்று மன்னர்களும் கடைசியாக ஒன்றாகக் கூடியதும் அங்கேதான். அடுத்த ஆண்டே போர். இந்த உறவுகளுக்கு அரசியலில் எவ்வளவு எடை இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மரபணு:
நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. இது எக்ஸ் குரோமோசோமில் வரும் குறை. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அப்பா யாராக இருந்தாலும் ஒன்றுதான். குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, மகள் அதைச் சுமக்கவும் பாதி வாய்ப்பு. விக்டோரியா, ஆலிஸ், அலிக்ஸ், அலெக்ஸி என்று இறங்கிய பாதை இது. எட்வர்டுக்கு அது வராததால் பிரிட்டிஷ் அரச வழி தப்பியது.

அலிக்ஸின் அக்கா ஐரீனைக் காட்டி வாதாடுவார்கள். அவர் வில்ஹெல்மின் தம்பி ஹைன்ரிக்கை, அதாவது சொந்தப் பெரியம்மா மகனை மணந்தார். மூன்று மகன்களில் இருவருக்கு நோய். அங்கேயும் அது வந்தது ஐரீன் வழியாக மட்டுமே.

சொந்தத்தில் கட்டியதன் விளைவைப் பார்க்க ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸிடம் (1661–1700) போங்கள். அவர் அப்பா நான்காம் பிலிப் மணந்தது தங்கை மகளை.

கொடிவழி:
மிக்க நன்றி. கார்லோஸுக்கு உள்ளினக் கலப்பு எண் (அப்பா வழியும் அம்மா வழியும் வந்த மரபணு ஒரே மூதாதையுடையதாக இருக்கும் வாய்ப்பு) 0.25 என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

மரபணு:
அப்பாவிலிருந்து பொது மூதாதை வரை ஏறி, அம்மா வரை இறங்குங்கள். பாதையில் உள்ள தலைகளை எண்ணி, ஒவ்வொரு தலைக்கும் ஒரு அரை வைத்துப் பெருக்குங்கள். பிலிப், அவர் தந்தை, தங்கை, தங்கை மகள் என நான்கு தலை: 1/16. பிலிப்பின் தாய் வழியாகவும் அதே 1/16. இரண்டும் சேர்ந்தால் 1/8, அதாவது 0.125. சாதாரண மாமன்–மருமகள் கல்யாணம் இத்தோடு நின்றுவிடும். கார்லோஸுக்கு அதைப்போல் இரு மடங்கு வரக் காரணம், மேலே உள்ள தலைமுறைகளும் தமக்குள்ளேயே கட்டிக்கொண்டதுதான். அந்தப் பாதைகளை விட்டால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும்.

மணிமுடி:
மரம் வரையும்போது பெயரிலும் கவனம். ஆர்தடாக்ஸ் சபைக்கு மாறியதும் டாக்மர் மரியா ஃபியோதரோவ்னா ஆனார், அலிக்ஸ் அலெக்ஸாண்ட்ரா ஃபியோதரோவ்னா ஆனார். ஜார்ஜின் தாயும் அலெக்ஸாண்ட்ராதான் என்பதால் இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பிறந்தபோது இருந்த பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: டென்மார்க் அலெக்ஸாண்ட்ரா 1844, ஹெஸ்ஸே அலிக்ஸ் 1872. அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்ததால், அதன் ஆவணத் தேதிகளோடு 19ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள், 20ஆம் நூற்றாண்டுக்கு 13 நாள் கூட்ட வேண்டும். நிக்கோலஸின் பிறந்தநாள் அங்கே மே 6, மற்ற ஐரோப்பாவில் மே 18.