அமைதிப்படை திரும்பிய அன்று முதல்வர் போகாதது சரியா?

வேலூர்க்காரன்:
1990 மார்ச் 24. இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. மெட்ராஸில் வரவேற்பு ஏற்பாடு. முதல்வர் கலைஞர் போகவில்லை. ஈழத்தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. 32 மாதம் அங்கே, 1,100க்கும் மேற்பட்ட ஜவான்கள் செத்தார்கள். அனுப்பியது டெல்லி, பழி சிப்பாய்க்கு.

என் அப்பாவும் அங்கே இருந்தவர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள், அந்த ஊரிலேயே அவரிடம் யாரும் சரியாகப் பேசவில்லையாம். கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஒரு டூ இன் ஒன் ரேடியோ டேப்பும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது, "எந்த வீட்ல எடுத்தது?" திருகோணமலையில் கடையில் காசு கொடுத்து வாங்கியது அது. பில்லை இன்றைக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் மடித்து வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல்வர் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரிகாலன்77:
உங்கள் அப்பாவை மதிக்கிறேன் நண்பரே. ஆனால் முதல்வர் மாலையோடு நிற்பது ஜவானுக்குச் செய்கிற மரியாதை மட்டும் இல்லை, அந்தப் போருக்கே வைக்கிற முத்திரை. 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அமைதி காக்கத்தான் போகிறோம் என்றார்கள். அக்டோபரில் 'ஆபரேஷன் பவன்' என்று யாழ்ப்பாணத்தின் மேலேயே பீரங்கி. மத்தியில் பெரும்பாலான கட்சிகள் வாயைத் திறக்காதபோது ஒரு மாநில முதல்வர் 'என் பெயரில் இல்லை' என்று காட்டினார். 1991 ஜனவரியில் ஆட்சியைக் கலைத்தபோது புலிகளுக்கு இடம் கொடுத்தார் என்பதுதானே சொல்லப்பட்ட காரணம்? விலை கொடுத்துத்தான் நின்றார்.

தராசு:
ரெண்டு பேரும் 'தமிழ்நாடே எதிர்த்தது' என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அப்படியா? 1987 ஜூன் 4 அன்று நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலம் போட்டபோது இங்கே கைதட்டாதவர் யார்? ஆகஸ்ட்டில் மெரினா கூட்டத்தில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடை. சரி, அதெல்லாம் சண்டைக்கு முன்னால். 1989 நவம்பர் தேர்தலை எடுங்கள். படை இன்னும் இலங்கையில், சவப்பெட்டி வந்துகொண்டே இருந்தது. தமிழ்நாட்டில் 39 இடம். படையை அனுப்பிய காங்கிரஸுக்கு 27, கூட்டணியில் இருந்த அ.தி.மு.க.வுக்கு 11, கம்யூனிஸ்ட்டுக்கு 1. தி.மு.க.வுக்கு முட்டை. வடக்கே ராஜீவ் தோற்றதும் போபர்ஸ் ஊழல் புகாரால்தான், யாழ்ப்பாணத்தால் அல்ல.

கரிகாலன்77:
அந்த ஓட்டு போருக்கு விழுந்த ஓட்டா சார்? எம்.ஜி.ஆர் போனபின் உடைந்த கட்சி மறுபடி ஒன்றாகி, காங்கிரஸோடும் சேர்ந்தது. கூட்டல் கணக்கு, அவ்வளவுதான்.

தராசு:
அதையேதான் நானும் சொல்கிறேன். வெளிநாட்டில் நடக்கிற சண்டைக்காக இங்கே யாரும் ஓட்டை மாற்றவில்லை. டீக்கடையில் திட்டினார்கள், பூத்துக்குள் போனால் பழைய சின்னம். திரும்பி வந்த சிப்பாய்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான், அவனிடம் காட்டினார்கள். 'எந்த வீட்ல எடுத்தது' என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் 89இல் யாருக்குப் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

வடமராட்சியாள்:
இங்கே யாரும் எங்களைப் பற்றிக் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். 87 ஆகஸ்ட்டில் இந்தியன் ஆமி வந்தபோது எங்கட சனம் மாலை போட்டது. எங்கட அம்மம்மா படலையில் நின்று தேத்தண்ணி கொடுத்தவா. சீனி தட்டுப்பாடான காலம், ஆமிக்காரருக்குச் சீனி போட்டு, எங்களுக்குப் பனங்கட்டி. செப்டம்பர் 26 நல்லூரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் செத்தார். அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ் ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதிமாரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 89 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையிலும் சனத்தைச் சுட்டார்கள். அமைதிப்படையின் இங்கிலிஷ் சுருக்கமான ஐ.பி.கே.எஃப். என்றால் 'அப்பாவிச் சனத்தைக் கொல்லும் படை' என்று நாங்கள் விரித்துச் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

வேலூர்த் தம்பி, பில் வைத்திருக்கிற ஆள் நல்ல ஆள்தான். பில் இல்லாமல் கப்பலேறிய சாமானும் உண்டு. அன்று மெட்ராஸில் யாராவது மாலை போட்டிருந்தால் எங்கட ஆக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் ஒருக்கா யோசியுங்கோ.

வேலூர்க்காரன்:
அக்கா, ஆஸ்பத்திரி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் சுட்டவனுக்கும் சுட உத்தரவு கொடுத்தவனுக்கும் வவுனியாவில் சென்ட்ரி நின்றவனுக்கும் ஒரே தண்டனையா? கடைசியில் அந்தப் படையை அங்கே யாருக்குமே வேண்டாம் என்றாகிவிட்டது. 'ஜூலை 29க்குள் வெளியேறு' என்று 89இல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா கெடு வைத்தார், புலிகளோடு பேச்சும் நடத்தினார். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே அப்பாவுக்குத் தெரியவில்லையாம். சம்பளம் வந்தது, உத்தரவு வந்தது, காரணம் மட்டும் வரவில்லை என்பார்.

கரிகாலன்77:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அவர்களை வரவேற்க வேறு யாராவது இருந்திருக்கலாம், அனுப்பிய கட்சிக்காரர்களே கும்பலாக வந்திருக்கலாம். முதல்வர் போகாததை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தராசு:
கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இந்தப் படைக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கட்டியது இலங்கை. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வடமராட்சியாள்:
தம்பி, உங்கட அப்பா அந்தக் கடைசிக் கப்பலிலோ வந்தவர்?

வேலூர்க்காரன்:
இல்லை அக்கா. அவர் யூனிட் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. துறைமுகத்தில் அன்றைக்கு மேளமும் இல்லை, பகிஷ்கரிப்பும் இல்லை. சென்ட்ரலுக்கு லாரியில் கொண்டுபோய் விட்டார்கள், அரக்கோணம் வழியாக ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் கேட்டால் மார்ச் மாதப் பேப்பரைத்தான் எடுத்துக் காட்டுவார், 'பார், எங்களைக் கூப்பிட வரவில்லை' என்று.