புதுப்பிப்பு: ஃபோர் வீல் போட்டும் முன்சக்கரம் இழுக்காத பிக்கப், காரணம் சிக்கியது

என் பிக்கப்பில் ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் முறை) போட்டால் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சுற்றுகிறது, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'ஆக்சிலைப் பிரிக்கும் முன் வேக்குவம் ஹோஸைப் பாருங்கள்' என்றவர் சொன்னதுதான் சரி. வேக்குவம் ஹோஸ் என்றால் உறிஞ்சலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். டிஃபரன்ஷியலை (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கழற்றச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், நானும் அதைத்தான் நினைத்தேன்.

எஞ்சினை ஓடவிட்டு, ஃபோர் வீல் போட்டு, ஆக்சில் ஆக்சுவேட்டரின் (அந்த உறிஞ்சலால் இயங்கி முன் ஆக்சிலை இணைக்கும் பாகம்) ஹோஸைப் பிடுங்கி விரலை வைத்தேன். உறிஞ்சலே இல்லை. தடவிக்கொண்டே மேலே போனால், பேட்டரி தட்டுக்கு அடியில் ரப்பர் வளையும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. வளைத்தால்தான் வாய் திறக்கிறது. நேராக இருக்கும்போது புதுசு மாதிரி இருக்கிறது.

எதிர்பாராதது அப்புறம்தான். கீழ் ஹோஸுக்குள் கியர் ஆயில்! ஷிஃப்ட் ஃபோர்க் (ஆக்சுவேட்டர் தள்ளி ஆக்சிலை இணைக்கும் கவை) தண்டின் ஆயில் சீல் கசிந்து ஆக்சுவேட்டருக்குள் ஏறியிருக்கிறது. ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் ஊறிப்போய் திரும்ப இதே கதைதான். ஹோஸ், சீல், ஆக்சுவேட்டர் மூன்றையும் மாற்றி, குறைந்திருந்த ஆயிலை நிரப்பினேன்.

முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து ஃபோர் வீல் போட்டேன். 'டக்' என்று ஆக்சில் இணைந்தது. எஞ்சினை அணைத்து, கியர் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் இப்போது மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறது. முன்பு அது அசையவே இல்லை.