ஊட்டிக் குளிரில் நல்ல சோறு: ரைஸ் குக்கர் வாங்கிய எங்கள் அனுபவம்

திருவாரூரிலிருந்து கல்யாணமாகி ஊட்டிக்கு வந்தபோது எனக்குப் பிடிபடாமல் போன முதல் விஷயம் சோறுதான். அம்மா வீட்டில் உலை கொதித்ததும் அரிசியைப் போட்டால் அரை மணிக்குள் வடித்துவிடலாம். இங்கே அதே புழுங்கல் பொன்னி முக்கால் மணி நேரம் கொதித்தும், ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். "இந்த மலையில பானைச் சோறெல்லாம் ஆகாது கண்ணு, குக்கர்ல வை" என்றார் அத்தை. அப்புறம் பதினெட்டு வருடம் விசில் குக்கர்தான்.

அத்தைக்கு இப்போது 78 வயது. பல்செட் போட்டிருக்கிறார். நான் வேலைக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன். மூடி வைத்துவிட்டுப் போன சோறு மதியம் அவர் தட்டில் போடும்போது விறைத்துப் போயிருக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் கேட்கவே வேண்டாம். அவரைத் தனியாக அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லவும் பயம். மோர் விட்டுப் பிசைந்து, அதையும் பாதியில் வைத்துவிடுவார். சூடு ஆறாமல் பல மணி நேரம் காத்து வைக்கும் நல்ல ரைஸ் குக்கர் வேண்டும் என்று நான் தேட ஆரம்பித்தது அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான்.

முதல் குக்கர் தேடாமலே வந்தது. ஒசாகாவில் வேலை பார்க்கும் கொழுந்தனார் 2019 லீவுக்கு வந்தபோது ஐ.ஹெச். குக்கர் ஒன்று கொண்டுவந்தார். ஐ.ஹெச். என்றால் இண்டக்ஷன். அடியில் மட்டும் தட்டு சூடாகாமல் பாத்திரமே சூடாகும். ஆனால் அது ஜப்பான் வீடுகளுக்கான மாடல், 100 வோல்ட். நம் வீட்டில் 230. நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். 500 வாட் போதும் என்று கொடுத்தார்கள். குக்கரின் அடியில் 1100 வாட்டுக்கு மேல் போட்டிருந்ததை நாங்களும் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாமல் சுட்டது, வீட்டில் டிரிப் ஆனது. பிறகு 2000 வாட்டுக்கு வாங்கினோம். செங்கல் கனம், எப்போதும் ஒரு ரீங்காரம், சமையல் மேடையில் பாதி இடம் அதற்கே. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தயவுசெய்து குக்கரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் படியுங்கள்.

சரி, சோறு எப்படி வந்தது? வெள்ளை அரிசி பட்டனை அழுத்தி, பாத்திரத்தில் போட்டிருந்த கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன். சோறு நறுக்கு நறுக்கென்று இருந்தது. அந்தக் கோடு அவர்களுடைய குட்டையான, ஒட்டும் அரிசிக்கு. நம் புழுங்கல் அரிசி அதைவிட எவ்வளவோ தண்ணீர் குடிக்கும். கூடவே வரும் கோப்பையும் நம் டம்ளர் இல்லை, 180 மில்லி. இதெல்லாம் தெரிந்து தண்ணீரைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட மேலே நசநசவென்று ஆனதே தவிர நடுவில் அந்த வெள்ளைப் புள்ளி போகவில்லை. மேலே கஞ்சி, உள்ளே அரிசி. அத்தை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரணத்தைக் காட்டியவன் என் மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டு என்னைக் கூப்பிட்டான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, எண் 92.6. தீயை முழுதாக வைத்தான். குமிழிகள் கூடின, ஆவி ஜன்னல் கண்ணாடியை மூடியது, எண் அசையவில்லை. "அம்மா, இந்த ஊர்ல தண்ணி இதுக்கு மேல சூடாகாது" என்றான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதை என் சோற்றுப் பானையோடு சேர்த்து இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை.

ஜப்பானில் சோற்றுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: 98 டிகிரிக்கு மேல் 20 நிமிடம் இருந்தால் அரிசியின் மாவு முழுதாக வேகும். எங்கள் வீட்டு ஐ.ஹெச். குக்கர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தால் என்ன, அதன் மூடியில் ஆவி தாராளமாக வெளியே போகிறது. உள்ளே 93ஐத் தாண்டாது. குக்கரில் குறை இல்லை, ஊரின் உயரம் அப்படி.

அதனால் மலையில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: காசு செலவழிப்பதென்றால் ப்ரெஷர் உள்ள ஐ.ஹெச். வாங்குங்கள். 1.2 என்று, அதாவது சமவெளிக் காற்றழுத்தத்தைப் போல 1.2 மடங்கு என்று போட்டிருக்கும் மாடல் கீழே சமவெளியில் 105 டிகிரி வரை போகும். வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அதன் மூடியில் ஆவியை அடைத்து வைக்கும் வால்வின் கணக்கு. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே முக்கால் பங்குதான். அதோடு அந்த 0.2ஐச் சேர்த்தால் உள்ளே கிட்டத்தட்ட 99 டிகிரி வருகிறது. அதாவது திருவாரூர் அடுப்பில் அம்மா வைக்கும் உலையின் சூடு. மகன் இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

2022இல் வாங்கினோம். 220–230 வோல்ட் ஏற்றுமதி மாடல், 5.5 கோப்பை அளவு, நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கள் குடும்பத்துக்குப் பெரிய தொகை, ஆறு மாதம் சேர்த்தோம். முதல் நாள் மூடியைத் திறந்தபோது சோற்றின் மேலே சின்னச் சின்னக் குழிகள், ஆவி வந்த வழி. அடிவரைக்கும் ஒரே மாதிரி வெந்திருந்தது. அத்தை இரண்டு பருக்கையை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பூவா இருக்கு கண்ணு. இன்னும் ஒரு கரண்டி போடு." ரசம் ஊற்றும் முன்பே வெறும் சோற்றைக் கொஞ்சம் சாப்பிட்டார்.

இப்போது என் கைப்பழக்கம்: புழுங்கல் பொன்னி 2 கோப்பைக்குத் தண்ணீர் 5 கோப்பை. குக்கருக்குள் போடும் முன் வெதுவெதுப்பான நீரில் முக்கால் மணி நேரம் ஊறல். இங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது, அந்தத் தண்ணீரில் அரிசியும் சரியாக ஊறாது. பட்டன் வெள்ளை அரிசி இல்லை, பழுப்பு அரிசி. அது நீளமாக ஊறவிட்டு மெதுவாகச் சூடேற்றும், புழுங்கலுக்கு அது பொருந்துகிறது. பச்சரிசிக்கு வெள்ளை அரிசி பட்டனே போதும், தண்ணீர் ஒன்றுக்கு ஒன்றே முக்கால். 5.5 கோப்பை என்று பெயர், ஆனால் நம் அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் விட்டால் 3 கோப்பைக்கு மேல் போடாதீர்கள். கஞ்சி பொங்கி ஆவி வழியில் ஏறிவிடும். எனக்கு ஒரு தீபாவளி அன்று ஏறியது.

கோத்தகிரியிலிருந்து வந்த பதில்:

அக்கா, நீங்கள் சொன்ன கொதிநிலைக் கணக்கு இப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆனால் நாற்பதாயிரம் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச் உள்ள சாதாரண குக்கர். தண்ணீர் வற்றும் வரை பாத்திரத்தின் அடி கொதிநிலையிலேயே நிற்கும். வற்றியதும் சூடு சட்டென ஏறும், ஒரு அளவுக்கு மேல் போனதும் உள்ளே இருக்கும் காந்தம் பிடியை விட்டுவிடும், 'டக்'. இவ்வளவுதான் அதன் மூளை. வெந்ததா என்று அதற்குத் தெரியாது, தண்ணீர் வற்றியதா என்றுதான் தெரியும். அதனால் நான் அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, 'டக்' விழுந்த பிறகு இருபத்தைந்து நிமிடம் மூடியைத் தொடுவதில்லை. கோத்தகிரி ஊட்டியைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு, அதுவும் ஒரு காரணமாக இருக்கும். பச்சரிசி நன்றாக வருகிறது. புழுங்கலுக்கு இன்னும் விசில் குக்கர்தான் எங்களுக்கு.

கூடலூரிலிருந்து:

நாங்கள் ஆயிரம் மீட்டர் சொச்சத்தில் இருக்கிறோம். எந்தக் குக்கரிலும் சிக்கல் இல்லை. ஒரே மாவட்டம், அரிசி வேகிற நேரம் வேறு!

கொடைக்கானலிலிருந்து:

தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். பத்துக் கோப்பை அளவுள்ள கொரிய ப்ரெஷர் குக்கர் மூன்று வருடமாக ஓடுகிறது. ஊட்டி அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, மூடியின் உள்தகடு. ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். புழுங்கல் அரிசிக் கஞ்சி கெட்டியாக ஒட்டும். வால்வு ஓட்டையில் ஒரு பருக்கை மாட்டிக்கொண்டாலும் ப்ரெஷர் ஒழுங்காக நிற்காது. சீசனில் வேலை மும்முரத்தில் நான்கு நாள் கழுவாமல் விட்டோம், ஐந்தாம் நாள் மறுபடி அந்த வெள்ளைப் புள்ளிச் சோறு. ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு மதுரை வரைக்கும் போனேன். அங்கே ஒரு பையன் பல்குச்சியால் குத்தி எடுத்துக் காட்டினான்.

இரண்டு, கரண்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது இங்கே சகஜம். என் மாடலில் சில நிமிடம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அரை மணி போனால் அந்தச் சோற்றைக் கேஸுக்கு மாற்றிவிடுவேன். குளிர்கால இரவில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், அப்போது சமைப்பதைத் தவிர்க்கிறேன். நான்கரை மணிக்கே வைத்து, சூடு ஆறாமல் காக்கும் வார்மில் விட்டுவிடுவேன்.

மீண்டும் ஊட்டியிலிருந்து:

வால்வு பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா, நான் எழுத விட்டுப் போனது அதுதான்.

வார்ம் பற்றி: 60 டிகிரிக்குக் கீழே போகாத வரை சோறு கெடாது. அதனால் நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். நான் காலை ஏழரைக்கு முடிகிற மாதிரி டைமர் வைக்கிறேன். அத்தை ஒன்றரை மணிக்குச் சாப்பிடும்போது ஆறு மணி நேரம் ஆகியிருக்கும், ஆவி பறக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் புழுங்கல் லேசாக மஞ்சளாகி ஒரு வாடை வரும். கரண்டியை உள்ளேயே போட்டு மூட வேண்டாம். எவர்சில்வர் கரண்டி வேண்டவே வேண்டாம், கோட்டிங் போய்விடும். அரிசியை நான் வேறு பாத்திரத்தில்தான் களைகிறேன்.

அத்தை திறந்து பரிமாறிக்கொள்ளப் பழகிவிட்டார். பட்டன் எல்லாம் ஜப்பான் எழுத்தில் இருந்த பழைய குக்கரைத் தொடவே பயப்படுவார். இதில் மூடி திறக்கும் பட்டன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தேன்.

வடித்த சோறுதான் வேண்டும், சர்க்கரை இருக்கிறது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இந்தக் குக்கர்களில் தண்ணீர் முழுதும் அரிசிக்குள்ளேயே போகும், கஞ்சி வடிக்க வழியில்லை. அதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் விசில் குக்கரில் வேகவைத்து வடிப்பதே நல்லது, இதற்குப் பணம் போடாதீர்கள்.

யாராவது மாப்பிள்ளைச் சம்பா போட்டுப் பார்த்தீர்களா? ராத்திரியே ஊறப் போட்டு, பழுப்பு அரிசி பட்டனில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்தேன். நன்றாகவே வந்தது, ஆனால் அத்தைக்கு இன்னும் கொஞ்சம் மெத்தென்று வேண்டுமாம். கொடைக்கானல், உதகை உயரத்தில் வைத்தவர்கள் அளவு சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்துப் பார்ப்பேன்.