மறு: ‘கலெக்டபிலிட்டி’ – சேகரத்தகவு எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பொருள் சேகரிப்பாளர்களை ஈர்க்கும் தன்மையைக் குறிக்கும் ‘கலெக்டபிலிட்டி’ (collectability) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் விவாதத்தில் முன்மொழியப்பட்ட ‘சேகரிப்பு மதிப்பு’ எளிய சொல்லே. ஆயினும் அதைக் கேட்டவுடன் பொருளின் விலைதான் நினைவுக்கு வருகிறது. நாம் பெயரிட முயல்வது விலைக்கு அன்று, ஒன்றைத் தேடிப்பிடித்துத் தொகுத்துவைக்கத் தூண்டும் பண்புக்கு. நண்பர் எடுத்துக்காட்டிய 1930களின் பிரிட்டிஷ் இசை நகைச்சுவைப் படங்களிலேயே இவ்வேறுபாடு நன்கு தெரிகிறது.

பாட்டும் நகைச்சுவையும் கலந்த பிரிட்டிஷ் கேளிக்கை அரங்கான ‘மியூசிக் ஹால்’ மேடையின் துடிப்பு அப்படியே திரைக்கு வந்ததுதான் அவற்றின் கவர்ச்சி. ‘சிங் ஆஸ் வி கோ’ (1934) படத்தில், பஞ்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்த பெண்ணாக வரும் பாடகியும் நடிகையுமான கிரேசி ஃபீல்ட்ஸ், பிளாக்பூல் கடற்கரை நகருக்குப் பிழைக்கப் போகிறார். வட இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டார வழக்கிலேயே பேசுகிறார். ‘நோ லிமிட்’ (1935) படத்தில் நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் ஃபார்ம்பி மேன் தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் புறப்படுகிறார். ஹாலிவுட்டின் பளபளப்பு இவற்றில் இல்லை என்பதை நான் குறையாகக் கருதவில்லை.

அக்காலத் திரையரங்குப் பிரதிகள் எளிதில் தீப்பற்றுவதும் நாளடைவில் சிதைவதுமான நைட்ரேட் சுருளில் இருந்தமையால், தனிச் சேகரிப்பாளர்கள் அவற்றை விட்டு, அகலம் குறைந்த 16 மி.மீ., 9.5 மி.மீ. படச்சுருள் பிரதிகளையும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளையும், நட்சத்திரங்களின் படம் அச்சிட்ட பாடல் இசைத்தாள்களையும், சிகரெட் பெட்டிகளில் வந்த அட்டைகளையும் நாடுகின்றனர். நம் விவாதத்துக்கு இவ்வட்டைகளே சிறந்த சான்று. ஜான் பிளேயர் சிகரெட் நிறுவனம் திரை நட்சத்திர அட்டைகளை 50 கொண்ட வரிசைகளாகப் பெருமளவில் வெளியிட்டதால், அவற்றில் பலவற்றை இன்றும் மலிவாகவே வாங்கலாம். ஆனாலும் வரிசையில் விடுபட்ட ஓர் அட்டைக்காகச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். முதுகில் பசை பூசி வந்த அட்டைகளைச் சிறுவர்கள் ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டப்படாமல் தப்பியவற்றையே இன்று விரும்பித் தேடுகிறார்கள். இங்கே விலை சிறிது, நாட்டம் பெரிது. ‘மதிப்பு’ என்ற சொல் இதைத் தாங்காது.

‘சேகரத்தகுதி’ பொருந்தும்தான், ஆனால் வேலை விண்ணப்பத்தின் வாடை வீசுகிறது. ஆகவே ‘சேகரத்தகவு’ என்பதை முன்வைக்கிறேன். அறிவியல் நூல்களில் ‘தகவு’ விகிதத்தைக் குறிக்கிறதே என்பது நியாயமான தடை. எனினும் ‘தக்கார் தகவிலர்’ என்னும் குறளில் அது தகுதிப் பொருளிலேயே நிற்கிறது, ‘சேகர’ என்ற முன்னொட்டும் குழப்பத்தைத் தடுக்கும். பொருளைக் குறிக்கச் ‘சேகரப்பொருள்’ போதும். பெயரடையாக ‘சேகரத்தக்க’ என்பதா, ‘சேகரிக்கத்தக்க’ என்பதா என்பதில் இலக்கணம் அறிந்தோர் கருத்துரைக்க வேண்டுகிறேன். என் காதுக்குப் பின்னதே இயல்பாக ஒலிக்கிறது.